எடைக்கல்லை ஒருமுறை சரிபார்த்தால் போதும்

ஜப்பானில் சுமார் 5 மீட்டர் உயர எஃகுத் தூண்களை நாடெங்கும் நட்டிருக்கிறார்கள். ஏறக்குறைய 1,300 இடங்களில் இத்தகைய ஜிபிஎஸ் நிலையங்கள். தூணின் உச்சியில், மூடிக்குள் ஆண்டெனா. 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தில் ஓஷிகா தீபகற்பத்து நிலையம் 5.3 மீட்டர் கடலை நோக்கி நகர்ந்து, 1.2 மீட்டர் தாழ்ந்தது. தூணைத் தாங்கிய நிலமே அப்படிப் போயிருந்தது.

மீட்டர் கணக்கில் நகர்ந்தால் தெரிந்துவிடும். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் நகரும் நிலத்தை அளப்பதுதான் பாடு. செயற்கைக்கோள்களோ 20,200 கி.மீ. உயரத்தில் ஓடுகின்றன. அவற்றின் ரேடியோ அலை வந்துசேரும் நேரத்தை வைத்தே தூரம் கணக்கிடப்படுவதால், அவற்றின் கடிகாரம் ஒரு நானோநொடி (நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) பிசகினால் 30 செ.மீ. பிழை வரும். ஆகவே நிலையத்தில் அலையை வாங்கும் ரிசீவரின் இடத்தோடு செயற்கைக்கோளின் பாதையையும் கடிகாரத்தையும் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு நிலையத்துக்கும் அதன் கடிகாரப் பிழை, தலைக்கு மேலுள்ள ஈரக்காற்றால் ஏற்படும் தாமதம், கோளுக்கும் ரிசீவருக்கும் இடையில் எத்தனை முழு அலைகள் என்ற எண்ணிக்கை எனத் தெரியாதவை இன்னும் பல. எல்லாவற்றையும் ஒரே சமன்பாட்டுத் தொகுதியில் போட்டால், வேலை நிலையங்களின் எண்ணிக்கைக்கு முப்படியாக ஏறும். நிலையங்கள் 10 மடங்கானால் கணக்கு 1,000 மடங்கு!

1997இல் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தைச் சேர்ந்த சம்பர்கும் அவருடைய சகாக்களும் காட்டிய வழி என்னை இன்றும் வியக்க வைக்கிறது. எடைக்கல்லைச் சரிபார்க்கக் கடையிலுள்ள எல்லாப் பொட்டலங்களும் வேண்டியதில்லை. உலகெங்கும் பரவிய சில டஜன் நிலையங்களைக் கொண்டே கோள்களின் பாதையையும் கடிகாரத்தையும் கணித்துவிடலாம். அவற்றை மாறாத எண்களாக வைத்துக்கொண்டால், மற்ற நிலையம் ஒவ்வொன்றையும் தனியே கணக்கிடலாம். இப்போது 10 மடங்கு நிலையத்துக்கு 10 மடங்கு வேலைதான். பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். ஒரு நிலையத்தின் தரவு பிந்தி வந்தால், அதை மட்டும் கணக்கிட்டால் போதும்.

ஒரு குறை இருந்தது. அலைகளின் எண்ணிக்கை முழு எண். ஆனால் கோளிலும் ரிசீவரிலும் உள்ள மின்னணுத் தாமதங்கள் அதில் கலந்து, விடையைப் பின்னமாக்கிவிடும். இரு நிலையங்களை ஒப்பிட்டால் அந்தத் தாமதங்கள் அடிபட்டுப் போகும். தனி நிலையத்துக்கு அந்த வசதி இல்லை. இத்தாமதங்களையும் உலக வலையமைப்பிலிருந்தே கணித்துப் பாதையோடு சேர்த்து வழங்கும் முறையை அதே ஆய்வகம் 2010இல் வெளியிட்டது. முக்கியமாக, கிழக்கு–மேற்குத் துல்லியம் கூடியது.

ஓஷிகா நிலம் நகர்ந்த பின், ஜப்பான் வழங்கிய தரவை அந்த ஆய்வகமும் கால்டெக்கும் (கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகம்) சேர்ந்து கணக்கிட்டன. நிலநடுக்கம் பிற்பகல் 2:46க்கு. 2:40க்கு ஒவ்வொரு நிலையமும் எங்கே இருந்தது, 2:55க்கு எங்கே இருந்தது என்ற வேறுபாட்டை அம்புகளாக வரைந்தார்கள். கடற்கரையை நெருங்க நெருங்க அம்புகள் நீண்டுகொண்டே போயின.