சாப்ட்வேர் போட்டு வைத்த அளவை அப்படியே விடாதீர்கள்

குன்னூரில் போட்டோ பிரிண்ட் கடை வைத்திருக்கிறேன். போன மழைக்காலத்தில் கோத்தகிரிப் பக்கமிருந்து ஒரு தம்பி பென்டிரைவோடு வந்தார். “அண்ணா, அம்மா படம். பதினாறாம் நாளுக்கு 12-க்கு 18 பெரிசா வேணும்” என்றார். கொழுந்துக் கூடையோடு அந்த அம்மா சிரிக்கும் படம். திறந்து பார்த்தால் 1080-க்கு 720 பிக்சல்தான் (படத்தை உருவாக்கும் சின்னப் புள்ளிகள்) இருந்தது.

1080 பிக்சலை 18 அங்குலத்துக்குப் பரப்பினால் அங்குலத்துக்கு 60தான் விழும். கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்கு 300 வேண்டும். சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்ப்பதற்கு 150 இருந்தாலும் சமாளிக்கலாம். 60-ல் முகம் கட்டம் கட்டமாகிவிடும். பின்னால் உள்ள தேயிலைச் சரிவு பச்சைச் சாந்து அப்பியதுபோல இருக்கும்.

எடுத்தது 24 மெகாபிக்சல் கேமராவில், 6000-க்கு 4000. அதே 18 அங்குலத்துக்கு 333 கிடைத்திருக்கும். எடுத்த உறவுக்காரர் போனில் அனுப்புவதற்காக, படத்தை வேறு கோப்பாக எடுக்கும் ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்திருக்கிறார். நீளப் பக்கம் 1080 என்று அதில் முன்பே நிரப்பியிருந்தது. பழைய கோப்பின் மேலேயே சேமித்துவிட்டார். மெமரி கார்டையும் அழித்தாயிற்று. அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அந்த எண் அவர் போட்டதே இல்லை.

என் கடைக் கணினிகளில் எக்ஸ்போர்ட்டில் அளவு மாற்றும் டிக்கை எடுத்தே வைத்திருக்கிறேன். சிறிய படம் வேண்டுமென்றால் தனி போல்டர், தனிப் பெயர். புதுக் கோப்பு திறந்தால் 1200-க்கு 1800 பிக்சல் வரும். அது 300-ல் 4-க்கு 6 அங்குலம். எங்களிடம் தினமும் அதிகம் போவது அந்த அளவுதான். 35-க்கு 45 மில்லிமீட்டர் பாஸ்போர்ட் படத்துக்கு 413-க்கு 531 என்று தனியாகச் சேமித்திருக்கிறோம்.

“அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்ற கட்டத்தில் 72 என்பதை 300 ஆக்கிவிட்டேன், இப்போது பெரிதாக வருமா?” என்று பலர் கேட்கிறார்கள். வராது. பிக்சல் எண்ணிக்கையையே மாற்றும் ‘ரீசாம்பிள்’ டிக் இல்லாமல் அந்த எண்ணை மாற்றினால் ஒரு பிக்சல்கூட அதிகமாகாது; அச்சில் படம் சிறுத்துப்போகும், அவ்வளவுதான். டிக் போட்டு மாற்றினால் சாப்ட்வேர் இல்லாததை ஊகித்து நிரப்பும். ஒரு தாயின் கண்ணோரச் சுருக்கத்தை அதனால் ஊகிக்க முடியாது.

அந்தத் தம்பியிடம் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரிண்ணா, முகம் தெளிவா இருந்தா போதும்” என்றார். 4-க்கு 6-லேயே அச்சிட்டு, அகலமான வெள்ளை அட்டையின் நடுவே ஒட்டி, 12-க்கு 18 பிரேமில் போட்டுக் கொடுத்தேன். அங்குலத்துக்கு 180 விழுந்தது. கூடையின் பின்னல்கூடத் தெரிந்தது.