ஹோர்ட்டுன்னா என்ன, தமிழ்ல அதை எப்படி சொல்றது

நாலு பேர் சேந்து ஆடுற ஜாம்பி கேம் எதுவா இருந்தாலும் ஹெட்செட்ல ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப காதுல விழும், ஹோர்ட். "ஹோர்ட்டு வருதுடா, செவுத்தோரமா ஒதுங்கு", "பைப் பாம் யார்கிட்ட இருக்கு, எறி எறி"ன்னு கத்திக்கிட்டே இருப்போம், ஆனா அந்த வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சுன்னு யாரும் யோசிச்சதில்ல. எங்க டீமுக்கு புதுசா வந்த தம்பி ஒருத்தன் நடு ஆட்டத்துல "அண்ணே, ஹோர்டுன்னா புதையல்தானே, புதையல் எப்படிண்ணே நம்ம மேல ஓடி வரும்"னு கேட்டான், நாங்க சிரிச்சு முடிக்கறதுக்குள்ள ரெண்டு பேர் கீழ விழுந்தாச்சு.

அவன் கேட்டதுல தப்பே இல்ல. இங்கிலீஷ்ல காதுக்கு ஒரே மாதிரி கேக்குற ரெண்டு வார்த்தை இருக்கு, எழுத்துக்கூட்டு மட்டும்தான் வேற. ஒன்னு hoard, சேத்து பதுக்கி வச்ச செல்வம், அது பழைய ஜெர்மானிய வேர்லேர்ந்து வர்றது. இன்னொன்னு horde, அதுதான் நம்மள கடிக்க வர்றது, அது துருக்கிய மொழிக் குடும்பத்துச் சொத்து. ரெண்டுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல, ஆனா தமிழ் எழுத்துல எழுதுனா ரெண்டும் கிட்டத்தட்ட ஒன்னாயிடுது, குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

முதல்ல கேம்ல இதுக்கு என்ன அர்த்தம்னு பாத்துருவோம். 2008 நவம்பர்ல வந்த லெஃப்ட் 4 டெட்ங்கற ஜாம்பி கேமை எடுத்துக்கோங்க. தெருவுல அங்கங்க செவுத்துல சாஞ்சுக்கிட்டு, குனிஞ்சு வாந்தி எடுத்துக்கிட்டு, சும்மா தரையில உக்காந்துக்கிட்டு இருக்குற ஆளுங்கள பாத்திருப்பீங்க, அதெல்லாம் ஹோர்ட் கிடையாது, அது வெறும் உதிரி. தூரத்துல ஒரு ஊளை கேக்கும், இசை மாறும், நம்ம கேரக்டரே "வர்றாங்க"ன்னு அலறும், அடுத்த சில செகண்டுல இருவது முப்பது பேர் வேலி தாண்டி, கூரை மேலேர்ந்து குதிச்சு, ஒருத்தன் மேல ஒருத்தன் விழுந்து ஒரே நேரத்துல ஓடி வருவான் பாருங்க, அதுதான் ஹோர்ட். அதாவது எண்ணிக்கை மட்டும் இல்ல, ஒரே மூச்சுல ஒரே இலக்கை பாத்து வரணும். நூறு ஜாம்பி ஊர் பூரா சிதறி நின்னா அது ஹோர்ட் ஆகாது, முப்பது பேர் ஒன்னா பாஞ்சா ஆகும்.

அது தானாவும் வரும், நம்மளே வெத்தலை பாக்கு வச்சு கூப்பிட்டும் வரும். கூப்பிடுறதுக்கு ரெண்டு நல்ல வழி, ஒன்னு பூமர்ங்கற தொப்பை ஜாம்பி நம்ம மேல வாந்தி எடுக்கறது, இன்னொன்னு அலாரம் கார். விளக்கு மினுக்கிக்கிட்டு நடு ரோட்டுல ஒரு கார் நிக்கும், அதுல ஒரு தோட்டா பட்டா போதும். நான் ஒருவாட்டி ஹண்டர்ங்கற பாஞ்சு அடிக்கற ஜாம்பியை குறி பாத்து ஷாட்கன்ல அடிச்சேன், ஹண்டர் செத்தான், ஆனா ஷாட்கன் ரவை சிதறும்ல, மிச்ச ரவை பூரா பின்னாடி இருந்த கார் கதவுல. அலாரம் அலற ஆரம்பிச்சதும் ஹெட்செட்ல மூணு பேரும் ரெண்டு செகண்டுக்கு ஒன்னும் பேசல, அப்புறம் பேசுனது இங்க எழுத முடியாது.

வந்துருச்சுன்னா என்ன பண்றது? மூணு பக்கம் செவுரு இருக்குற மூலைக்கு போகணும், ரெண்டு பேர் முன்னாடி குத்த வச்சு உக்காரணும், ரெண்டு பேர் பின்னாடி நிக்கணும், அப்பதான் பின்னாடி இருக்குறவன் சுடுற குண்டு முன்னாடி இருக்குறவன் முதுகுல பாயாம தலைக்கு மேல போகும். முன்னாடி இருக்குறவன் துப்பாக்கியால தள்ளித் தள்ளி விடணும், அது பாக்க சாதாரணமா இருக்கும் ஆனா அந்த ஒரு தள்ளுதான் பாதி உயிரை காப்பாத்துது. கூட பைப் பாம். ஹோர்ட்டுக்காகவே செஞ்ச சாமான்னு சொல்லலாம், எறிஞ்சதும் பீப் பீப்னு கத்தும், செவப்பு லைட்டு மினுக்கும், பீப் வேகமாகிட்டே போகும், ஆறு செகண்டுல வெடிக்கும். அந்த ஆறு செகண்டும் ஓடி வந்த அத்தனை பேரும் நம்மள மறந்துட்டு விளக்கை பாத்த ஈசல் மாதிரி அதை சுத்தி மொய்ப்பானுங்க. இங்க புதுசா ஆடுறவங்க பண்ற தப்பு, ஹோர்ட்டு பக்கத்துல வந்தப்புறம் காலடியிலயே போடுறது. தூரமா எறியணும், அவனுங்க ஓடிப் போக நேரம் கொடுக்கணும். மொலோடோவ்ங்கற பெட்ரோல் குண்டு வேற கணக்கு, அது வாசலை அடைக்கத்தான் நல்லது, எரியறவனும் ஓடி வருவான், அவசரத்துல கூட்டாளி நிக்கற எடத்துலயே போட்டு நம்ம ஆளையே வறுத்தெடுக்கறதும் தினம் நடக்குது.

இப்ப ஒரு வேடிக்கை. அந்த கேமை செஞ்சவங்க வாயில இதோட பேரு ஹோர்ட் இல்ல. அதோட ஏஐ எப்படி வேலை செய்யுதுன்னு அதை செஞ்சவங்கள்ல ஒருத்தரான மைக்கேல் பூத் 2009ல கொடுத்த விளக்கத்துல இந்த இருவது முப்பது பேர் பாய்ச்சலுக்கு மாப்னுதான் பேரு. டைரக்டர்னு ஒரு ஆள் கண்ணுக்குத் தெரியாம இருந்துக்கிட்டு நம்ம எவ்வளவு திணறுறோம்னு கணக்கு பாத்துக்கிட்டே இருப்பான், திணறல் உச்சத்துக்கு போனதும் இன்னும் மூணுலேர்ந்து அஞ்சு செகண்டு அப்படியே வச்சுட்டு, படிப்படியா தணிச்சு, முப்பதுலேர்ந்து நாப்பத்தஞ்சு செகண்டு மூச்சு விட விடுவான், இல்லன்னா நம்ம அடுத்த சேஃப் ரூம் (ஜாம்பி வராத பத்திரமான அறை) பக்கமா போதுமான தூரம் நகர்ற வரைக்கும், அப்புறம் மறுபடியும் ஆரம்பம்.

மாப்ங்கற வார்த்தைக்கும் தனி கதை இருக்கு. லத்தீன்ல மோபிலே வல்குஸ்னு ஒரு தொடர், நிலையில்லாம அலைபாயுற சனம்னு அர்த்தம், 17-ஆம் நூற்றாண்டு கடைசியில இங்கிலீஷ்காரன் அதை வெட்டி மாப் ஆக்கிட்டான். ஆனா பொதுவா கேமர்கள் எந்த எதிரியை பாத்தாலும் மாப்னு சொல்றாங்களே, அது வேற வழியில வந்தது. 1978ல எசெக்ஸ் பல்கலைக்கழகத்துல ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் செஞ்ச மட்ங்கற எழுத்து மட்டுமே இருந்த கேம்ல, தானா நகர்ற உருவங்களுக்கு மொபைல்னு பேரு, அது சுருங்கி மாப். அதனால அங்க ஒத்த ஆளும் மாப்தான். ரெண்டு மாப்பும் கடைசியில நகர்றதுங்கற அதே லத்தீன் வேர்ல போய் சேருது, பெரியப்பா புள்ளையும் சித்தப்பா புள்ளையும் மாதிரி.

சரி ஹோர்ட்டுக்கு வருவோம். துருக்கிய மொழியில ஓர்து. மங்கோலியாவுல இருக்குற 8-ஆம் நூற்றாண்டு ஓர்கோன் கல்வெட்டுலயே இந்த சொல் இருக்கு, ககான் தங்குற பாளையம், ராஜா கூடாரம் அடிச்சிருக்கற இடம்னு அர்த்தம். இடத்துக்கு இருந்த பேரு அங்க இருக்குற ஆளுங்களுக்கும் ஆச்சு, இன்னைக்கும் துருக்கியில ஓர்துன்னா ராணுவம். 13-ஆம் நூற்றாண்டுல வோல்கா ஆத்துப் பக்கம் மங்கோலியர் ஆண்ட அரசைத்தான் சரித்திரப் புத்தகத்துல கோல்டன் ஹோர்ட்னு படிக்கிறோம். கிழக்கு ஐரோப்பா வழியா மேற்க போறப்ப போலிஷ்காரன் வாயில முன்னாடி ஒரு ஹ ஒட்டிக்கிச்சு, ஹோர்டா. அங்கேர்ந்து 16-ஆம் நூற்றாண்டுல இங்கிலீஷுக்கு. போன எடத்துல மரியாதையும் போச்சு, ராஜாவோட பாளையம்னு கெளம்புன சொல்லு "கட்டுப்பாடில்லாம வர்ற காட்டுமிராண்டிக் கூட்டம்"னு இறங்கிருச்சு. அடி வாங்குனவன் எழுதுன அகராதியில அடிச்சவனுக்கு நல்ல பேரா கிடைக்கும்?

அதே ஓர்து தெற்க வந்தப்ப என்னாச்சுன்னா, உருது. ஆமா, மொழி உருதுதான். மேன்மைதங்கிய பாளையத்து மொழின்னு நீளமா இருந்த பேரு சுருங்கி 18-ஆம் நூற்றாண்டு கடைசியில வெறும் உருதுன்னு நின்னுச்சு. ஒரே சொல்லு ஒரு பக்கம் கஸல் எழுதுற மொழிக்கு பேராச்சு, இன்னொரு பக்கம் வேலி தாண்டி ஓடி வர்ற ஜாம்பிக்கு பேராச்சு, எனக்கு இது தெரிஞ்ச அன்னைக்கு ரொம்ப நேரம் சிரிப்பு அடங்கல.

இன்னொன்னும் இருக்கு, நம்ம துப்பாக்கியும் அந்தப் பக்கத்து சரக்குதான். துருக்கிய மொழியில துஃபெக், அது பாரசீகம் இந்துஸ்தானி வழியா உருண்டு வந்து துப்பாக்கி. வள்ளுவரே "துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி"ன்னு சொல்லிட்டார்னு யாராவது வந்து சொல்லுவாங்க, அது மழையை பத்துன குறள், அங்க துப்புன்னா உணவு, துப்பு ஆக்கின்னு பிரிக்கணும், சுடுற சமாச்சாரம் இல்ல. ஆக ஓடி வர்ற ஹோர்ட்டும் துருக்கிய வழி, அதை சுடுற துப்பாக்கியும் துருக்கிய வழி, நடுவுல மாட்டுனது நம்ம.

தமிழ்ல என்ன சொல்லலாம்? வேரை அப்படியே பிடிச்சா பாசறை, பாளையம். சங்கப் பாட்டுல ராஜா போருக்குப் போய் தங்குற எடம் பாசறை, அப்புறம் வந்த பாளையமும் அதேதான், படை இறங்குன எடம், பாளையக்காரர்ங்கற பேரு அதுலேர்ந்து வந்தது. அர்த்தம் கனகச்சிதமா பொருந்துது, ஆனா "பாளையம் வருதுடா ஓடு"ன்னு கத்துனா எவன் ஓடுவான், ஊர் பேரு சொல்றான்னு நின்னுக்கிட்டு இருப்பான். படைன்னு சொல்லலாமான்னா, படைக்கு அணிவகுப்பு உண்டு, தளபதி உண்டு, இங்க டைரக்டர் இருக்கான் ஆனா அது ஓடி வர்றவனுக்கே தெரியாது. பட்டாளம் கேக்க நல்லாருக்கு, ஆனா அது பட்டாலியன்லேர்ந்து வந்த சொல்லு, கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குன கதை. மந்தை மேய்ப்பனுக்கு அடங்கும், ஹோர்ட் யாருக்கு அடங்குது. கும்பல்னா திட்டம் போட்டு வர்றவங்க மாதிரி ஒரு வாடை இருக்கு, அதை மாப்புக்கு வச்சுக்கலாம், பொருத்தமா இருக்கும். கூட்டம் ரொம்ப சாது, மீட்டிங்குக்கும் கூட்டம்தான், பஸ்ஸுலயும் கூட்டம்தான், அந்த வார்த்தையை கேட்டு யாருக்கும் பயம் வராது.

அலைன்னு சிலர் சொல்றாங்க, அங்க ஒரு சின்ன சிக்கல் இருக்கு. அதே 2008 நவம்பர்ல வந்த கியர்ஸ் ஆஃப் வார் 2ல ஹோர்ட் மோட்னு ஒன்னு, அஞ்சு பேர் வரைக்கும் ஆடலாம், அம்பது அலை தாங்கணும், அதே மாசம் கால் ஆஃப் டூட்டி வேர்ல்டு அட் வார்லயும் ரவுண்டு ரவுண்டா ஜாம்பி வந்துச்சு. அந்த மோடு பேரு பரவுனதால ஹோர்ட்டும் வேவும் (அலைக்கு இங்கிலீஷ்ல வேவ்) ஒன்னுன்னு ஆயிருச்சு, ஆனா ரெண்டும் வேற. அலைன்னா எண்ணிக்கை வச்சு வரும், முடியும், நடுவுல இடைவெளி, கில்லிங் ஃப்ளோர்ங்கற கேம்ல அந்த இடைவெளியிலதான் கடை தெறக்கும். அலை ஓஞ்சப்புறம் தலை முழுகலாம்னு இருக்குறவனை ஊர்ல கேலி பண்ணுவாங்க, அங்க அப்படி இருக்குறவன்தான் பொழைப்பான். லெஃப்ட் 4 டெட்ல அப்படி உக்காந்தா செத்தோம், நகராம நின்னா டைரக்டர் இன்னொரு லோடு இறக்குவான். அதனால வேவுக்கு அலை, ஹோர்ட்டுக்கு வேற சொல்லு.

என் ஓட்டு திரளுக்கு. சிதறி இருந்தது ஒன்னா சேந்து கெட்டியாகறதுதான் திரள், ரத்தம் திரளுது, வெண்ணெய் திரளுது, சனம் திரளுது. அலாரம் அடிச்சதும் கேம்ல நடக்கறது அப்படியே இதுதான், அங்கங்க நின்ன உதிரி ஒரு கட்டியா சேந்து வருது. இன்னொரு வசதி, அது பெயராவும் நிக்கும் வினையாவும் ஓடும், ஹோர்ட்டை அப்படி வினையா சொல்றது அபூர்வம். எழுதறப்ப நடைபிணத் திரள்னு போடலாம், லெஃப்ட் 4 டெட்டுக்கு மட்டும் கொஞ்சம் யோசிக்கணும், அங்க வர்றவன் செத்தவன் இல்ல, நோய் தொத்துனவன், அதனால தொற்றாளர் திரள். மோடுக்கு பேரு வைக்கணும்னா அலை மோடுனு வைங்க, திரள் மோடு வேணாம்.

ஹெட்செட்ல ஒத்து வருமான்னு கேட்டா, போன ஞாயித்துக்கெழமை ட்ரை பண்ணிப் பாத்தோம். "திரள் வருகிறது"ன்னா செய்தி வாசிக்கற மாதிரி இருக்கு, அது வேலைக்காகல. "திரளுது திரளுது"ன்னு கத்துனப்ப டக்குனு எல்லாரும் மூலைக்கு போயிட்டோம். சேஃப் ரூம் கதவு கண்ணுக்கு எட்டுற தூரத்துல, எல்லாருக்கும் உயிர் பாதிக்கு மேல, கையில பைப் பாம் வேற, அப்பதான் அந்த புதையல் தம்பி ஆர்வத்துல அலாரம் கார் மேல ஏறி நின்னுட்டான். வெண்ணெய் திரளும்போது தாழி ஒடஞ்ச கதைதான், ஆனா அன்னைக்கு திரண்டது வெண்ணெய் இல்ல.