ஏற்றம் ஏறி வந்த கையில் பிரஷர் மெஷின்

மூணாறுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கிரீச் கட்டடத்தில் மருத்துவ முகாம் போட்டிருந்தார்கள். காலையில் ஃபீல்டுக்குப் போன சித்தி, மதியம் கொழுந்தை எடை போட்டுவிட்டு, ஏற்றத்தில் மூச்சு வாங்க ஏறி வந்து, நின்ற வாக்கிலேயே கையை நீட்டினாள். 168/96. "பிரஷர் இருக்கு" என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சித்திக்கு அன்று ராத்திரி தூக்கமே இல்லை. அடுத்த லயத்து (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) அத்தை வந்து ஆறுதல் சொன்னாள்: "எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க. ஒரு மாசம் மாத்திரை சாப்பிட்டேன், சரியாயிருச்சு. விட்டுட்டேன்."

இரண்டு பேர் கதையிலும் கோளாறு இருக்கிறது. சித்திக்கு அளந்த விதத்தில். அத்தைக்கு மாத்திரையை நிறுத்தியதில்.

முதலில் அளப்பதைப் பார்ப்போம். ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், ஒரு பெண் குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயைச் செருகியபோது ரத்தம் எட்டடிக்கும் மேலே ஏறி நின்றதை 1733இல் எழுதி வெளியிட்டார். பாவம் அந்தக் குதிரை. மனிதருக்கு அப்படிச் செய்ய முடியாதே! 1896இல் இத்தாலியின் ரிவா ரோச்சி கையில் காற்றுப் பட்டி கட்டும் முறையைக் கொண்டுவந்தார். 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ், பட்டிக்குக் கீழே ஸ்டெத்தாஸ்கோப் வைத்துச் சத்தம் கேட்டு, இதயம் சுருங்கும்போதுள்ள மேல் எண், அது தளரும்போதுள்ள கீழ் எண் என இரண்டையும் பிரித்துச் சொன்னார்.

லயங்களுக்கு வரும் சுகாதாரப் பணியாளர் ஆஷா சேச்சியின் பையில் இருக்கும் பேட்டரி மெஷினுக்குக் காது கிடையாது. அது பார்ப்பது நடுக்கத்தை. பட்டி காற்றால் உப்பி, கையின் தமனியை முழுக்க நசுக்குகிறது. பிறகு காற்று மெல்ல இறங்கும்போது ரத்தம் துடிப்புக்குத் துடிப்பு இடித்துக்கொண்டு உள்ளே புகுகிறது. ஒவ்வோர் இடியும் பட்டியின் காற்றைக் கொஞ்சம் அதிர வைக்கும். அதிர்வு வளர்ந்து, ஓர் உச்சம் தொட்டு, மறுபடி தேயும். அந்த உச்சம் கிட்டத்தட்ட சராசரி அழுத்தத்தில் வருகிறது. மெஷின் நேரடியாகப் பிடிப்பது அதைத்தான். மேல் எண்ணும் கீழ் எண்ணும் அந்த அதிர்வின் வடிவத்திலிருந்து கணக்குப் போட்டு எடுக்கப்படுபவை. அதனால்தான் கை ஆடினாலோ, வாய் பேசினாலோ, நாடித் துடிப்பு தாறுமாறாக இருந்தாலோ கணக்கு பிசகுகிறது.

சரி, சித்தியின் 168இல் எவ்வளவு நிஜம்? ஏற்றம் ஏறி வந்த உடனே இதயம் வேகமாகத்தான் அடிக்கும். ஐந்து நிமிடமாவது சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். கை இதய மட்டத்தில் இருக்க வேண்டும். பத்து சென்டிமீட்டர் தாழ்ந்தால் கிட்டத்தட்ட 8 கூடிவிடும். ரத்தமும் எடையுள்ள திரவம்தானே, கிணற்றில் கீழே போகப் போக அழுத்தம் ஏறுகிற அதே சங்கதி. தடித்த கைக்குச் சின்னப் பட்டி கட்டினாலும் எண் கூடும். இன்னொன்று, யாரும் கேட்காதது: மூத்திரம் முட்டிக்கொண்டிருந்தாலும் பிரஷர் ஏறும். சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்குக் கழிப்பறை எங்கே இருக்கிறது? காலையிலிருந்து அடக்கிக்கொண்டு வந்தவள் கையில் பட்டியைக் கட்டினால் மெஷின் அதையும் சேர்த்துத்தான் சொல்லும். ஒரே நாள் ஒரே அளவை வைத்து, அதுவும் இப்படி எடுத்ததை வைத்து, நோய் என்று முத்திரை குத்தக்கூடாது. வேறு வேறு நாட்களில் அமைதியாக உட்கார வைத்து எடுத்த அளவுகளும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் அந்தப் பேச்சு.

அதற்காக, தோட்டத்தில் நாள் முழுக்க மலை ஏறி இறங்குகிறவர்களுக்கு பிரஷர் வராது என்றும் நினைக்க வேண்டாம். உடலுழைப்பு உதவும், உப்பின் கணக்கை அழிக்காது. விடிகாலைக் கஞ்சிக்கு ஊறுகாய், மதியச் சோற்றுக்குக் கருவாடு. குளிரில் வேலை செய்கிறவர்களுக்கு உறைப்பும் உப்பும் இல்லாமல் சோறு இறங்காது. உடம்பு உப்பின் செறிவை மாற விடாது: 9 கிராம் உப்பு உள்ளே தங்கினால், அதைக் கரைத்து வைக்க ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆஸ்பத்திரியில் ஏற்றும் குளுக்கோஸ் இல்லாத உப்புத் தண்ணீர் பாட்டிலில் உள்ள உப்பின் செறிவும் இதுவேதான். கூடுதல் உப்பை வெளியே தள்ளுவது சிறுநீரகத்தின் வேலை. அதற்கு உதவியாக ரத்த அழுத்தம் கொஞ்சம் உயர்கிறது. வருடக்கணக்கில் இப்படியே போனால் சின்னத் தமனிகளின் சுவர் தடித்து இறுகிவிடும். பிறகு உப்பைக் குறைத்தாலும் முழுசாக இறங்கி வராது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவு. அதாவது தட்டையான ஒரு தேக்கரண்டி, எல்லாம் சேர்த்து.

மார்கழி, தைக் குளிரும் சேர்ந்துகொள்ளும். குளிரில் தோலுக்கடியில் உள்ள நாளங்கள் சுருங்கும், அழுத்தம் ஏறும்.

இத்தனையும் நடக்கும்போது வலியே இருக்காது. அதுதான் சிக்கல். 40 முதல் 69 வயதில், மேல் எண் 115ஐத் தாண்டி ஒவ்வொரு 20 கூடும்போதும் பக்கவாதத்தாலும் மாரடைப்பாலும் சாகும் அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்பது பல நாடுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்துக் கண்டது. ஆனால் தலைவலியை நம்பினால் ஏமாற்றம்தான். 170 இருந்தும் பாட்டுப் பாடிக்கொண்டே கொழுந்து பறிக்கலாம்.

இப்போது அத்தையிடம் வருவோம். பிரஷருக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் மாத்திரை அம்லோடிபின். தமனிச் சுவரின் தசைகளுக்குள் கால்சியம் நுழைவதை அது தடுக்கிறது. தசை தளர்கிறது, குழாய் விரிகிறது. ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். ஒரு நாள் மறந்தால் பெரிய ஆபத்து வராமல் காப்பது இந்த மெதுவான குணம்தான். ஏமாற்றுவதும் அதே குணம். நிறுத்திய இரண்டு நாளிலும் அளவு நன்றாகவே இருக்கும், உடம்பும் ஒன்றும் சொல்லாது. "பார், மாத்திரை இல்லாமலே சரி" என்று தோன்றும். ஒரு வாரம் போல ஆகும்போது அழுத்தம் பழைய இடத்துக்குத் திரும்பியிருக்கும். திரும்பியதும் தெரியாது.

அத்தை நிறுத்தியதற்கு அறியாமைதான் காரணம் என்று முகாமில் வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மாத்திரை தீர்ந்த நாளில் ஜீப் பிடித்து மருத்துவமனைக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. கோயில் கொடைக்கு தென்காசிப் பக்கம் சொந்த ஊருக்குப் போனால் பத்து நாள்; கேரளத்துச் சீட்டை அங்கே யாரிடம் காட்டுவது என்ற தயக்கம் வேறு. எழுதிக் கொடுத்தவர் பேசியது மலையாளம். அத்தைக்குக் கொஞ்சம் புரியும், கேள்வி கேட்கும் அளவுக்கு வராது.

2017இல் கேரளம் உட்பட ஐந்து மாநிலங்களில் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டம் இந்த இடத்தில்தான் கை வைத்தது. எல்லோருக்கும் ஒரே எளிய மருந்து வரிசை, ஒரு மாதத்துக்கான மாத்திரை ஒரே தடவையில், மறு மாத்திரையை வீட்டுக்குப் பக்கத்துத் துணைச் சுகாதார மையத்திலேயே வாங்கிக்கொள்ளும் வசதி, யார் வரவில்லை என்று பார்க்கும் பதிவேடு. தமிழ்நாடு இன்னும் ஒரு படி போய், 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவத்தைத் தொடங்கியது. மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. உப்பிலும் ஊரோடு சேர்ந்து கை வைக்கலாம். சீனாவில் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரை வைத்து நடந்த ஆய்வில், சாதாரண உப்பில் கால் பங்கைப் பொட்டாசியம் குளோரைடாக மாற்றிக் கொடுத்ததில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது, பொட்டாசியம் உடம்பில் தேங்கிவிடும்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிறு காலை, ஆஷா சேச்சி லயத்துக்கே வந்தாள். சித்தியை முதலில் பின்பக்கம் போய்வரச் சொன்னாள். நாற்காலியில் சாய்ந்து உட்கார வைத்து, கையைத் தலையணைமேல் தூக்கி வைத்து, ஐந்து நிமிடம் சும்மா இருந்தார்கள். பட்டி உப்பத் தொடங்கியதும் சித்தி, பேத்திக்குக் காய்ச்சல் விட்ட கதையை ஆரம்பித்தாள்.

"மிண்டாதே இரிக்கு, சேச்சீ" (பேசாமல் இருங்க அக்கா) என்றாள் ஆஷா சேச்சி.

146/90. அடுத்த வாரமும் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று நோட்டில் குறித்துக்கொண்டு, அடுத்த லயத்து அத்தையின் கதவைத் தட்டப் போனாள்.