எட்டு பார் காற்றில் பெயிண்ட்பால்

பஞ்சர் கடை கம்ப்ரசரில் பெயிண்ட்பால் மார்க்கர் (சாயக் குண்டுகளைச் சுடும் விளையாட்டுத் துப்பாக்கி) சுடுமா? வாங்கியபடியே மாட்டினால் பெரும்பாலும் சுடாது. மார்க்கரின் காற்றுப் புட்டியில் 200 பாருக்கு மேல் அடைத்திருப்பார்கள் (பார் என்பது அழுத்த அளவு; ஒரு பார் ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்), டயர் கம்ப்ரசரோ எட்டு பாரில் நின்றுவிடும். ஆனால் குண்டுக்கு உண்மையில் எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று கணக்குப் போட்டால் வேடிக்கையாக இருக்கும்.

குண்டின் எடை சுமார் 3 கிராம், விட்டம் 17.3 மி.மீ. வினாடிக்கு 85 மீட்டர் வேகத்துக்கு வேண்டிய ஆற்றல் 11 ஜூலுக்குக் கொஞ்சம் குறைவு. குழலில் 25 செ.மீ. தள்ளுகிறோம் என்றால் சராசரியாக இரண்டு பார்கூட வேண்டாம். மோட்டார் பைக் டயரில் இருப்பதே அவ்வளவுதான்! புட்டியில் 200 பார் அடைப்பது, சிறிய புட்டியில் நிறையக் காற்றைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவதற்காக. பல மார்க்கர்களில், வால்வைத் தட்டித் திறக்கும் சுத்தியலைத் திரும்ப இழுத்து வைக்கவும் அந்தக் காற்றே உழைக்கிறது. ஓரிடத்தில் நின்று, ஹோஸ் மாட்டி, ஒவ்வொன்றாகச் சுடுவதற்கு இந்த இரண்டும் தேவையில்லை.

சிக்கல் வேகத்தில் இருக்கிறது. குண்டு குழலை விட்டு வெளியேற ஏறக்குறைய 6 மில்லி வினாடிதான் ஆகும். அதற்குள் அத்தனை காற்றும் பின்னால் வந்து சேர வேண்டும். கம்ப்ரசர் காற்றைக் கொண்டுவரும் நீல நிற 6 மி.மீ. டியூபின் உள்விட்டம் 4 மி.மீ.; அதன் வாய்ப்பரப்பு குழலின் வாயில் பத்தொன்பதில் ஒரு பங்கு. அதன் வழியே நேரடியாக ஊதினால் குண்டு சோம்பலாக வெளியே வந்து காலடியில் விழும்.

இதற்கு விடை டெல்டாவின் நவீன அரிசி ஆலைகளில் ஏற்கெனவே இருக்கிறது. கறுத்த அரிசி மணிகளைப் பொறுக்கும் கலர் சார்ட்டர் இயந்திரம், அப்படியொரு மணி அதன் கேமராக் கண்ணில் பட்டதும் ஒரு துளிக் காற்றை அடித்துத் தள்ளும். அங்கே காற்றை வால்வுக்குப் பக்கத்திலேயே தயாராக வைத்திருப்பார்கள். அதே யுக்தியில்தான் மார்க்கரை மாற்றி அமைப்பவர்கள் அரை அங்குல குயிக் எக்ஸாஸ்ட் வால்வை (காற்றைச் சட்டென்று வெளியே விடும் வால்வு) பிடிக்கிறார்கள். அதில் மூன்று வாய். ஒன்றில் விசை வால்வின் டியூப், நடுவில் காற்று அறை, மூன்றாவதில் குழல். டியூபில் அழுத்தம் இருக்கும்வரை உள்ளே இருக்கும் ரப்பர் தட்டு குழல் பக்கத்தை அடைத்துக்கொண்டு, ஓரம் வழியாக அறையை நிரப்பும். விசையை அழுத்தி டியூபின் காற்றை வெளியே விட்டால், தட்டு பின்னால் தாவி, அறையின் காற்று மொத்தமாகக் குழலுக்குள் பாயும். டியூப் நீளமானால் அதில் அடைபட்ட காற்று வெளியேற நேரமாகும், தட்டும் மெதுவாகத் திறக்கும். அதனால் டியூபை ஒரு சாணுக்கு மேல் விடாதீர்கள்.

அறை 60 மி.லி. இருந்தால் போதும். ஒரு அங்குல ஜி.ஐ. குழாயில் சுமார் பத்தரை செ.மீ. நீளம். நான்கு பாரில் காகிதக் கணக்கு 12 ஜூல் காட்டும். கசிவும் உராய்வும் போக இன்னும் கொஞ்சம் ஏற்ற வேண்டியிருக்கும். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை மூன்று பாரில் வைத்துத் தொடங்கி, குண்டின் வேகத்தைக் காட்டும் வேகமானியைப் பார்த்துக்கொண்டே அரை அரை பாராக ஏற்றுங்கள். பெயிண்ட்பால் மைதானங்களின் வழக்கமான உச்சம் வினாடிக்கு 91 மீட்டர். பாதுகாப்புக் கண்ணாடியில்லாமல் குழலின் எதிரே யாரும் நிற்கக் கூடாது. ஏழு பார் வரை ஏற்ற வேண்டி வந்தாலும் ஒரு முறை சுடுவதற்குச் செலவு 0.42 லிட்டர் சாதாரணக் காற்றுதான். 50 லிட்டர் டாங்கில் ஒரு பார் இறங்குவதற்குள் நூறு முறைக்கு மேல் சுடலாம்.

வயலோரத்தில் கிடக்கிறதே என்று போர்வெல் பி.வி.சி. குழாயை மட்டும் அறையாக்க வேண்டாம். தண்ணீர் அழுத்தத்தில் அது கீறி ஒழுகும். காற்றில் வெடித்துச் சில்லு சில்லாகப் பறக்கும். வெயிலில் காய்ந்த குழாய் இன்னும் மோசம்.

கோலி சோடா கடை கார்பன் டை ஆக்சைடும் பலருக்குத் தோன்றும் யோசனைதான். புட்டிக்குள் அதன் அழுத்தம் 20 டிகிரியில் 57 பார், 30 டிகிரியில் 72 பார், 31 டிகிரியைத் தாண்டினால் அது திரவமாகவே இருக்காது. சித்திரை வெயிலில் தஞ்சாவூரில் புட்டியை வெளியே வைத்தால் அழுத்தம் உங்கள் கையில் இல்லை. வேகமாகச் சுட்டாலோ நேர்மாறாகக் குளிர்ந்து, உறைபனி பிடித்து, கசிவைத் தடுக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் இறுகும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் ஈரத்தால்தான். ஐப்பசி மழைக்காலத்தில் கம்ப்ரசர் டாங்கில் தண்ணீர் தேங்கி, அது மூடுபனியாகக் குழலுக்குள் வரும். குண்டின் தோல் ஜெலட்டின். ஈரம் பட்டதும் பிசுபிசுத்து உப்பி, குழலுக்குள்ளேயே உடையும். ஆகவே நீர்ப்பிரிப்பான் வைத்த ரெகுலேட்டர் கட்டாயம். குண்டுப் பையை டப்பாவில் மூடி வையுங்கள். அடுத்த தொல்லை டெஃப்லான் டேப்: மரையின் முதல் இரண்டு சுற்றை விட்டுவிட்டுச் சுற்றாவிட்டால், பிய்ந்த துணுக்கு ரப்பர் தட்டின் அடியில் உட்கார்ந்துகொள்ளும். விசையைத் தொடாமலே குழலில் 'ஸ்ஸ்' என்று காற்று கசிந்தால், முதலில் டாங்கின் காற்றை முழுக்க இறக்கிவிட்டு அந்தத் தட்டைக் கழற்றிப் பாருங்கள்.