கட்டி இருக்கும்போது வயதுக் கணக்கு எதற்கு?

போன வாரமும் ஒருவர் வந்தார். 46 வயது, இடது மார்பில் எட்டு மாதமாகக் கட்டி. காட்டாமல் இல்லை. "அம்பது வயசுக்கு மேலதான் மேமோகிராம், இப்ப வேண்டாம்" என்று, அதாவது மார்பக எக்ஸ்ரே தேவையில்லை என்று, வைட்டமின் ஈ மாத்திரை எழுதி அனுப்பியிருக்கிறார்கள். சொன்னவரும் மருத்துவர்தான். வழிகாட்டுதலைப் பாதி படித்தவர்.

ஸ்கிரீனிங், அதாவது நோய் இருக்கிறதா என்று முன்கூட்டியே தேடிப் பார்ப்பது, ஒரு தொந்தரவும் இல்லாத பெண்ணுக்கு. அந்த 40 வயது, 50 வயது எல்லாம் அவருக்கான கணக்கு. கட்டி, காம்பில் ரத்தக் கசிவு, புதிதாகக் காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, தோல் குழிவது, அக்குளில் கட்டி, இவற்றில் ஒன்றோடு வந்தால் அந்தக் கணக்கு செல்லாது. 28 வயதானாலும் சரி, 68 ஆனாலும் சரி. கையால் பார்க்க வேண்டும், மேமோகிராமோ ஸ்கேனோ எடுக்க வேண்டும், சந்தேகம் இருந்தால் ஊசிப் பரிசோதனை. போன வருடம் மேமோகிராம் நார்மல் என்பதும் இந்த வருடக் கட்டிக்குப் பதில் ஆகாது. வலியில்லை என்பதும்தான். பெரும்பாலான கட்டிகள் புற்று இல்லை, உண்மை. அதைப் பரிசோதனை சொல்லட்டும், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடி மருத்துவர்கள் நாங்கள் சொல்லக் கூடாது.

ஸ்கிரீனிங் வயதிலும் ஊருக்கு ஊர் கணக்கு வேறு. அமெரிக்க அரசின் நிபுணர் குழு 2009-இல் 50 முதல் 74 வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் என்றது. 2024-இல் தொடக்கத்தை 40-க்கு இறக்கிவிட்டது. பிரிட்டனில் 50-இலிருந்து மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. நம் அரசுத் திட்டத்தில் 30 முதல் 65 வரை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் கையால் பார்ப்பதுதான். அதை இளக்காரமாக நினைக்க வேண்டாம். மும்பை டாட்டா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனை ஒன்றரை லட்சம் பெண்களை 20 ஆண்டு தொடர்ந்து பார்த்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் பார்த்ததிலேயே 50-ஐத் தாண்டியவர்களிடம் மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது.

ஆனால் எங்கே பார்க்கிறோம்? ஓபி கூட்டம், திரை இல்லை, கூட நிற்க நர்ஸ் இல்லை, ஆண் மருத்துவருக்குத் தயக்கம். தொடாமலே சீட்டு எழுதிவிடுகிறோம். இன்னொரு பக்கம் ஒரு தொந்தரவும் இல்லாத 32 வயதுப் பெண்ணுக்கு மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் மேமோகிராமும் சேர்த்து பில் போடுகிறார்கள்.

அதனால் நீங்கள்தான் வாய் திறக்க வேண்டும். "டாக்டர், கையால பார்த்துச் சொல்லுங்க" என்று கேளுங்கள், பார்க்காமல் எழுந்து வராதீர்கள். அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், உங்களுக்கு முன்னதாகவே தொடங்க வேண்டியிருக்கலாம். அப்புறம், தயவுசெய்து பழைய மேமோகிராம் ஃபிலிமை எடைக்குப் போடாதீர்கள். அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.