பூனைகளைக் காப்பாற்றிய கல்

அயர்லாந்தின் லௌத் மாவட்டத்தில் மொனாஸ்டர்பாய்ஸ் என்ற பழைய துறவிமட வளாகம் இருக்கிறது. அங்கே சுமார் ஐந்தரை மீட்டர் உயரத்தில் நிற்கும் கற்சிலுவையின் மேற்குப் பக்கம், தண்டின் அடியில் குனிந்து பார்த்தால் இரண்டு பூனைகள் தெரியும். ஒன்று தன் குட்டியோடு கிடக்கிறது, இன்னொன்றின் பிடியில் ஒரு பறவை. கூடவே பழைய ஐரிஷ் மொழியில் ஒரு வரி: இந்தச் சிலுவையைச் செய்வித்த முயிரதாக்குக்காக ஒரு பிரார்த்தனை. இவர் 923இல் இறந்த மடத்தலைவர் முயிரதாக் என்றுதான் பெரும்பாலும் கருதுகிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேல் மழை பெய்தும் அந்தப் பூனைகள் அழியவில்லை. சிற்பியின் திறமையில் பாதி, கல்லைத் தேர்ந்தெடுத்ததிலேயே இருக்கிறது.

அது மணற்கல். பழங்காலத்து மணல் படிந்து, மேலே சேர்ந்த படிவுகளின் எடையில் இறுகி, மணல்மணிகளுக்கு இடையில் புகுந்த தாதுக்கள் பசைபோல ஒட்டி உருவானது. மணிகள் சிறியவை, ஏறக்குறைய ஒரே அளவு. உளி வைத்த இடத்தில் மட்டும் கல் உதிரும், பக்கத்தில் பிளக்காது. அதனால்தான் உடை மடிப்பையும் விரல்களையும் செதுக்க முடிந்தது. கிழக்கு முகத்தில் ஆதாம் ஏவாள், காயீன் ஆபேல், தாவீது கோலியாத் எல்லாம் கட்டம் கட்டமாக வருகிறார்கள். கைகளும் தண்டும் சந்திக்கும் இடத்தில் இறுதித் தீர்ப்பு. அங்கே வானதூதர் மிக்கேல் ஆன்மாவைத் தராசில் நிறுக்க, கீழே கிடக்கும் பிசாசு தட்டைத் தன் பக்கம் இழுக்கப் பார்க்கிறது.

இப்போது கில்டேர் மாவட்டத்தில் மூன் என்ற ஊரின் சிலுவைக்கு வாருங்கள். அது கிரானைட். அடிப்பீடத்தில் பன்னிரண்டு திருத்தூதர்கள் மூன்று வரிசையாக நிற்கிறார்கள்: சதுர உடம்பு, வட்ட முகம், இரண்டு புள்ளிக் கண். குழந்தை வரைந்த படம்போல இருப்பதைப் பார்த்து, சிற்பிக்குக் கை வரவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. கிரானைட்டில் குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், மைக்கா என்று பல கடினத்தில் பெரிய படிகங்கள் கலந்து கிடக்கின்றன. ஒரு சிறிய மூக்கின் அளவே ஒரு படிகம் இருக்கும். அது தெறித்தால் மூக்கும் போயிற்று. அதனால் அந்தச் சிற்பி நுணுக்கத்தை விட்டுவிட்டு, தூரத்திலிருந்தே தெரியும் வடிவத்தைப் பிடித்தார். எனக்கு மூன் சிலுவைதான் இரண்டில் அதிகம் பிடிக்கும். கல் மறுத்ததைக் கேட்டு நடந்தவரின் வேலை அது.

சரி, இந்தச் சிலுவைகளின் கைகளையும் தண்டையும் இணைத்து ஏன் ஒரு வளையம்? கல்லுக்கு ஒரு குணம் உண்டு. அழுத்தினால் தாங்கும், இழுத்தால் சீக்கிரம் விரிசல் விடும். ஒரு கன மீட்டர் மணற்கல் 2 டன்னுக்கு மேல் எடை. தண்டிலிருந்து வெளியே நீளும் கை தன் எடையால் கீழே தொங்கப் பார்க்கும், அப்போது அதன் மேல்விளிம்பில் இழுவிசை உண்டாகும். வளையத்தின் கீழ்வளைவு கைக்கு முட்டுக் கொடுத்து, அந்த எடையில் ஒரு பங்கை அழுத்தமாக மாற்றித் தண்டுக்கு அனுப்புகிறது. செதுக்கும்போதும் தூக்கி நிறுத்தும்போதும் கை முறியாமல் காப்பதும் அதுவே.

ஆனால் பொறியியல் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். டிப்பரேரி மாவட்டத்து அஹென்னி சிலுவைகளில் ஆணித்தலை போன்ற கல் குமிழ்கள் துருத்தி நிற்கின்றன, விளிம்புகளில் கயிறு முறுக்கு ஓடுகிறது. கல்லுக்கு ஆணி எதற்கு? மரச் சிலுவைக்கு உலோகத் தகடு போர்த்தி ஆணி அடித்த வேலையை அப்படியே கல்லில் நகல் எடுத்திருக்கிறார்கள் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். வளையமும் மரக் கைகளைத் தாங்கிய முட்டுக் கட்டைகளிலிருந்து வந்திருக்கலாம். வெற்றி மாலை என்ற பொருளும் அதோடு சேர்ந்திருக்கும்.

நிறுத்துவதற்குத் தச்சர் முறையையே பயன்படுத்தினார்கள். தண்டின் அடியில் துருத்தும் ஒரு கழுந்து, அடிப்பீடத்தில் அது இறங்க ஒரு குழி. பல சிலுவைகளின் உச்சிக்கல்லும் அப்படியே தனியாகச் செய்து பொருத்தியது. முயிரதாக் சிலுவையில் அது கூரை வேய்ந்த குட்டி வீடு.

ஆஃபலி மாவட்டத்தில், 6ஆம் நூற்றாண்டில் கியரான் நிறுவிய க்ளோன்மக்னாய்ஸ் மடத்தைச் சுற்றிலும் தரையடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அங்குள்ள நான்கு மீட்டர் உயர வேதாகமச் சிலுவையோ மணற்கல், வெளியிலிருந்து கொண்டுவந்தது. பக்கத்திலேயே ஷானன் ஆறு ஓடுகிறது, கனத்த கல்லுக்கு அதைவிட நல்ல பாதை கிடைத்திருக்காது. மன்னர் ஃப்ளானுக்கும் மடத்தலைவர் கோல்மனுக்கும் பிரார்த்தனை கேட்கும் எழுத்து அதில் இருக்கிறது. இவர்கள்தான் 909இல் அங்கே பெரிய கோயிலைக் கட்டியவர்கள்.

அந்த எழுத்து இன்று மிகவும் தேய்ந்துவிட்டது. மழைநீர் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்து லேசான அமிலமாகிறது, மணிகளை ஒட்டியிருக்கும் சுண்ணாம்புப் பசை இருந்தால் அதை மெல்லக் கரைக்கிறது. நுண்துளைகளில் புகுந்த நீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரிந்து மணிகளைப் பெயர்க்கிறது. கற்பாசிகள் இழைகளை உள்ளே செலுத்துகின்றன. 1990களின் தொடக்கத்தில் க்ளோன்மக்னாய்ஸ் சிலுவைகளைக் கூரைக்குள் கொண்டுபோய், வெளியே நகல்களை நிறுத்தினார்கள். மூன் சிலுவைக்கும் மேலே கூரை போட்டாயிற்று. மொனாஸ்டர்பாய்ஸ் பூனைகள் வானத்தின் கீழேதான் இருக்கின்றன.