கச்சான் காற்றைக் கணினிக்குச் சொல்லிக்கொடுத்தல்

திருகோணமலை உப்புவெளிக் கரையில் விடிய ஐந்தரைக்கெல்லாம் கரைவலை இழுக்கத் தொடங்கிவிடுவார்கள். கிழமைக்கு இரண்டு நாளாவது நான் அங்கே போய் நிற்பேன். கயிற்றில் நானும் கை வைப்பேன். சட்டைப்பையில் போன் பேச்சைப் பதிந்துகொண்டிருக்கும். அது எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனி மாதத்து ஒரு காலை சம்மாட்டி ஐயா சொன்னது இது: “தம்பி, இண்டைக்குக் கச்சான் கடுமை. வலை வளைக்கக் கஷ்டம். வாளை கொஞ்சம் படும், பாப்பம்.”

அன்றிரவு கணினி அதை இப்படி எழுதி வைத்திருந்தது: “தம்பி, இன்றைக்குக் கட்சிதான் கடுமை. வலை வளைக்கக் கஷ்டம். வாழை கொஞ்சம் படும், பார்ப்போம்.” அதற்கு மேல் வரியில், நான் அவரைக் கூப்பிட்ட இடத்தில், ‘சம்மட்டி ஐயா’ என்று இருந்தது.

பிழைகளைத் திருத்திவிட்டு விட்டுவிடலாம். ஆனால் நின்று பார்த்தால் மூன்றும் ஒரே திசையில் போவது தெரியும். கச்சான் என்பது மேற்குக் காற்று, வாளை ஒரு மீன், சம்மாட்டி வலையின் சொந்தக்காரர். மூன்றும் எங்கள் கரையின் சொற்கள். கட்சி, வாழை, சம்மட்டி மூன்றும் எல்லா ஊருக்கும் பொதுவான சொற்கள். கருவி அரிதான சொல்லை விட்டு, அடிக்கடி பார்த்த சொல்லுக்குத் தாவியிருக்கிறது. ஏன் தாவுகிறது என்று விளங்கிக்கொண்ட பிறகுதான் இந்தக் கருவிகள் எனக்கு உண்மையாகவே உதவத் தொடங்கின.

முதலில் என் வேலை ஒழுங்கைச் சொல்லிவிடுகிறேன். கடலையும் ஊரையும் பற்றிப் பல வருடங்களாக எழுதிவருகிறேன். ஒரு மணி நேரப் பதிவைத் திரும்பக் கேட்டுத் தட்டச்சு செய்ய முன்பு நாலைந்து மணி நேரம் போகும். எழுதுவதற்கு உட்காரும்போது கையும் காதும் ஓய்ந்துபோயிருக்கும். இப்போது போன் வீட்டு வைஃபையைத் தொட்டதும் பதிவு கணினியின் ஒரு கோப்புறைக்குப் போகிறது. அந்தக் கோப்புறையைப் பார்த்துக்கொண்டிருக்கும் சிறு நிரல் ஒன்று, புதிதாக எது விழுந்தாலும் பேச்சை எழுத்தாக்கும் கருவியிடம் கொடுக்கிறது. அது தரும் எழுத்தை, நிறைய எழுத்தைப் பார்த்துப் பழகிய ‘மொழி மாதிரி’ என்ற இன்னொரு கருவி வாங்கி, நிறுத்தக்குறி போட்டுப் பந்தி பிரித்துத் தருகிறது. படங்களைச் சிறிதாக்குவது, தேதி வாரியாகப் பெயரிடுவது, ஒரு பிரதியை வேறு வட்டில் சேமிப்பது எல்லாம் தானாக நடக்கும். அவற்றில் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. விசயம் இருப்பது பேச்சு எழுத்தாகும் இடத்தில்.

போனின் மைக் காற்றின் அழுத்த மாற்றத்தை எண்களாக மாற்றுகிறது. பேச்சைப் புரியும் கருவிகளில் பெரும்பாலானவை நொடிக்கு 16,000 எண்களை எடுத்துக்கொள்ளும். அதில் 8,000 ஹேர்ட்ஸ் வரையான ஒலி அடங்கும். மனிதப் பேச்சுக்கு அது போதும். 2022இல் வெளியான, பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் என்ற திறந்த மாதிரியை எடுத்துக்கொள்வோம். அது ஒலியை 30 நொடித் துண்டுகளாக வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டிலும் நொடியின் நூறில் ஒரு பங்குக்கு ஒரு தடவை, எந்தச் சுருதியில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று 80 பட்டைகளில் அளக்கிறது. ஆக 30 நொடிப் பேச்சு, 3,000 நெடுவரிசையும் 80 கிடைவரிசையும் கொண்ட ஒரு படமாகிவிடுகிறது. கருவி நம் பேச்சைக் கேட்பது என்பது இந்தப் படத்தைப் பார்ப்பதுதான்.

அந்தப் படத்தில் காற்றின் இரைச்சல் அடிப்பட்டைகளில் தடித்த கறையாக விழும். ‘ச’, ‘ஸ’ போன்ற உரசொலிகள் மேலே மெல்லிய புகைபோலத் தெரியும். கச்சான் நேரே மைக்கில் மோதும்போது கறை பரவிப் புகையை மூடிவிடும். கச்சான் என்ற சொல்லைக் கச்சான் காற்றே அழித்துவிட்டது என்றால் மிகையில்லை. போனைத் திருப்பி, மைக் துளை நெஞ்சுப் பக்கம் இருக்கும்படி வைத்த நாளிலிருந்து பிழைகள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறைந்தன. எந்த மென்பொருளாலும் கிடைக்காத நன்மை அது.

வாளையின் கதை வேறு. ‘ழ’ சொல்லும்போது நாக்கு பின்னுக்கு வளைவதால் ஒலிப்படத்தில் ஒலி செறிந்த ஒரு கோடு கீழே இறங்கும். ஆனால் எங்கள் பேச்சில் பலர் ழகரத்தையும் ளகரமாகத்தான் சொல்கிறோம். வாழைப்பழக்காரரும் மீன்காரரும் எழுப்பும் ஒலி ஒன்றே. படத்தைப் பார்த்து இரண்டையும் பிரிக்க வழியே இல்லை. அப்போது கருவி என்ன செய்யும்? ஊகிக்கும்.

ஊகிப்பது என்று நான் சும்மா சொல்லவில்லை. அதன் வேலையே அதுதான். இதுவரை எழுதியதையும் ஒலிப்படத்தையும் வைத்துக்கொண்டு, அடுத்து வரக்கூடிய ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நிகழ்தகவு போடுகிறது. கூடியதை எழுதுகிறது. பிறகு அடுத்தது. விஸ்பரின் முதல் மாதிரிகளுக்குக் கொடுத்த பயிற்சி 680,000 மணி நேர ஒலி. அதில் ஆங்கிலம் தவிர்ந்த 96 மொழிகளுக்கும் சேர்த்துக் கிடைத்த எழுத்தாக்கப் பங்கு ஏறத்தாழ 117,000 மணி நேரம். தமிழ் அந்தப் பங்கில் ஒரு பங்கு. அதற்குள் கிழக்கிலங்கைக் கரையின் பேச்சு எவ்வளவு சிறிதாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வாழையை ஆயிரம் தடவை கண்டதும் வாளையை அரிதாகக் கண்டதுமான ஒன்று, சந்தேகம் வந்தால் வாழைப் பக்கம்தான் சாயும்.

பேச்சே இல்லாத இடத்திலும் ஊகம் ஓடும். வலை இழுபடும்போது ஐந்து நிமிடம் ஒருவரும் பேசமாட்டார்கள். அலை மட்டும் கேட்கும். அந்த இடத்தில் “நன்றி, வணக்கம்” என்ற வரியைப் பல தடவை கண்டிருக்கிறேன். இந்தக் கருவிகள் இணைய ஒலிகளோடு ஒட்டியிருந்த வரிகளைப் பார்த்துப் பழகியவை. பேச்சு ஓய்ந்தால் விடைபெறும் வரி வரும் என்று பழகிவிட்டன. பேச்சில்லாத பகுதிகளை முதலே வெட்டிவிடும் சிறு நிரலைச் சேர்த்த பிறகு அந்த வணக்கம் நின்றது.

சரி, கருவிக்கு எங்கள் சொற்களை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? மறுபடி பயிற்சி கொடுக்க என் வீட்டுக் கணினியால் முடியாது. தேவையும் இல்லை. “இதுவரை எழுதியது” என்று நாமே சில வரிகளை முன்னால் வைக்கலாம். கருவி அவற்றைத் தானே எழுதியதாக எடுத்துக்கொண்டு மேலே ஊகிக்கும். “சம்மாட்டி, கரைவலை, வாடி, கச்சான், சோளகம், வாளை, சூடை” என்று முன்வரியில் இருந்தால், அந்தச் சொற்களின் நிகழ்தகவு ஏறிவிடும். ஒலி இரண்டு பக்கமும் இழுக்கும்போது தராசு இந்தப் பக்கம் சாயும். எனக்கு இது மிகவும் பிடித்த இடம். கருவிக்குள் எதுவும் மாறவில்லை. முன்னால் வைத்த ஏழு சொல்தான் வாழையை வாளையாக்குகிறது.

ஆனால் முன்வரிக்கு இடம் குறைவு. விஸ்பரில் அது 224 டோக்கன். டோக்கன் என்பது மாதிரி கையாளும் எழுத்துத் துண்டு. பிலிப் கேஜ் 1994இல் தரவைச் சுருக்கச் சொன்ன ஒரு வழியிலிருந்து வந்தது இது: எழுத்துக் குவியலில் அடிக்கடி அடுத்தடுத்து வரும் இரண்டு துண்டுகளை ஒட்டி ஒன்றாக்கு, திரும்பத் திரும்பச் செய். ஆங்கிலம் நிறைந்த குவியலில் ஆங்கிலச் சொற்கள் முழுசாக ஒட்டிவிடும். தமிழ் சில்லுச் சில்லாகக் கிடக்கும். அடியில் இன்னொரு காரணமும் உண்டு. கணினி சேமிக்கும் முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ‘திருகோணமலை’ நமக்கு ஆறு எழுத்து. கணினிக்கு உயிர்க்குறிகளையும் சேர்த்துப் பத்துக் குறி, 30 பைட். அதே பெயர் ஆங்கிலத்தில் 11 பைட்டில் முடிந்துவிடும். ஆகவே 224 டோக்கன் சில பத்துத் தமிழ்ச் சொற்களிலேயே நிறைந்துவிடும். கரைக்குப் போன நாளுக்கு ஒரு பட்டியல், தம்பலகாமத்து வயலுக்குப் போன நாளுக்கு வேறொன்று, கன்னியா வெந்நீர்க் கிணற்றடிக்கு இன்னொன்று என்று நான் பிரித்து வைத்திருப்பது அதனால்தான்.

இரண்டாவது கட்டத்தில், எழுத்தைச் செப்பனிடும் மொழி மாதிரியிடம், எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ‘கதைச்சவர்’ என்று வந்ததை ‘பேசினார்’ ஆக்கியது. ‘பெடியன்’ ‘பையன்’ ஆனான். ‘இன்ரநெற்’ என்று எங்கள் வழக்கில் எழுதினால் ‘இன்டர்நெட்’ என்று திருத்தியது. ஒருநாள் “திருமலைக் கோயிலடியில் மான்கள்” என்ற குறிப்புக்கு ஒரு தொடக்கப் பந்தி கேட்டேன். ஏழுமலையான் தரிசனத்தைப் பற்றி எழுதித் தந்தது! எங்களுக்குத் திருமலை என்றால் இந்த ஊர். இணையத்துத் தமிழில் அது திருப்பதி.

இந்த மாதிரிகள் 2017இல் கூகுள் ஆய்வாளர்கள் முன்வைத்த டிரான்ஸ்ஃபோமர் என்ற அமைப்பில் ஓடுகின்றன. ஒரு சொல்லின் பொருளை அது தனியே முடிவுசெய்வதில்லை. முன்னால் கிடைக்கும் மற்றச் சொற்கள் ஒவ்வொன்றையும் எவ்வளவு கவனிக்கவேண்டும் என்று கணக்கிட்டு, அந்த அளவில் கலந்துகொள்கிறது. என் குறிப்பில் ‘கோயில்’ மட்டும் பக்கத்தில் இருந்தது. அது திருப்பதியின் பக்கம் தள்ளியது. கோணேசர், பிரட்றிக் கோட்டை, கிழக்குக் கடல் என்று மூன்று சொல் சேர்த்தேன். திருமலை திரும்பி வந்துவிட்டது.

அதன் பிறகு இந்தக் கட்டத்துக்கு நான் கொடுக்கும் கட்டளை மிகச் சிறியது: நிறுத்தக்குறி போடு, பந்தி பிரி, ஒரு சொல்லையும் மாற்றாதே. அப்படிச் சொன்னாலும் சில வேளை மாற்றும். அதைப் பிடிக்கப் பழைய, எளிய கருவி ஒன்று இருக்கிறது. முன்னதையும் பின்னதையும் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் ஒரே வரிசையில் வரும் மிக நீண்ட பொதுத் தொடரைக் கண்டுபிடித்து, மீதியை மட்டும் வண்ணத்தில் காட்டும் நிரல். அதன் முதல் வடிவம் 1970களில் பெல் ஆய்வகத்தில் யுனிக்ஸ் கணினிகளுக்காக எழுதப்பட்டது. ஊகம் எதுவும் இல்லை, வெறும் ஒப்பீடு. ஒவ்வொரு இரவும் அந்த வண்ண வரிகளை மட்டும் பார்த்து, ‘கதைச்சவர்’ஐத் திரும்ப வைப்பேன். பத்து நிமிட வேலை. மூல ஒலிப்பதிவை ஒருபோதும் அழிப்பதில்லை.

கட்டுரையை நானே எழுதுகிறேன். கிடைத்த நாலு மணி நேரத்தில் பாதி கரையிலும் பாதி எழுத்திலும் போகிறது.

இன்னொன்று சொல்லவேண்டும், பழைய குறிப்புகளைத் தேடுவது. ஒவ்வொரு குறிப்பையும் சில நூறு எண்கள் கொண்ட வரிசையாக மாற்றி வைத்தால், பொருள் நெருங்கிய குறிப்புகளின் எண்வரிசைகளும் ஒரே திசையைக் காட்டும். அதனால் “மீன் படாத நாட்கள்” என்று தேடினால், அந்தச் சொற்களே இல்லாத, “வலை வெறுமையாக வந்தது” என்ற குறிப்பும் கிடைக்கிறது. போன கிழமை “கச்சான் காற்று” என்று தேடினேன். காற்றுக் குறிப்புகளுக்கு நடுவே, கோணேசர் கோயில் ஏற்றத்தில் வறுத்த கச்சான் விற்கும் அம்மாவைப் பற்றிய ஒன்று வந்து நின்றது. நம் ஊரில் கச்சான் என்றால் நிலக்கடலையும்தானே, இந்த முறையும் குழப்பிவிட்டது என்று நினைத்துத் திறந்தேன். நான் மறந்தேபோன ஒரு வரி அதில் இருந்தது: “மேற்கிலிருந்து ஒரே வீச்சு. அம்மாவின் கடதாசிச் சுருள்கள் எல்லாம் படியில் பறந்தன. பிள்ளைகள் கச்சான் பொறுக்க ஓடினார்கள்.”